பீலியில் வந்த நீலம்

குடத்துத் தண்ணீரில் ஒரு நீலப் பொத்தான் மிதந்துகொண்டிருந்தது. புருஷன் கந்தப்பனின் வேலைச் சட்டையிலிருந்து அறுந்து விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே பூரணி விரலை உள்ளே விடப்போனாள். போன விரல் தண்ணீருக்கு ஓர் அங்குலம் மேலேயே நின்றுவிட்டது. பொத்தான் மிதக்காது. எலும்புப் பொத்தானோ சிப்பிப் பொத்தானோ, தண்ணீரில் விழுந்தால் அடியில் போய்க் கிடக்கும். இதைத் தெரிந்துகொள்ள ஒருத்தி பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை. ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு கிடையாது, கொம்புச் சத்தம் கிடையாது, லயத்து வரிசை வீடுகளில் பாதிப்பேர் வெயில் ஏறிய பிறகும் கம்பளிக்குள்தான் கிடந்தார்கள். அடுப்புப் புகையும் ஈரச் சாக்கு வாசனையும் மண்டிக்கிடந்த அந்த ஒற்றைக் காம்பராவிலிருந்து குடத்தைத் தூக்கிவந்து, வாசல் வெளிச்சத்தில் வைத்து அவள் குனிந்து பார்த்தாள். ஒரு சதக் காசளவுக்கு வெளுத்த வட்டத் தகடு. அதைச் சுற்றி மயிர் மயிராக நீல விளிம்பு. குடத்துத் தண்ணீர் ஆடி அடங்கிய பிறகும் அந்த விளிம்பு அடங்கவில்லை. மெல்ல விரிந்தது, மெல்லச் சுருங்கியது, மறுபடியும் விரிந்தது.

அது என்னவென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததுதான் வினை. தெரியாதவளாக இருந்திருந்தால் ஏதோ மலைப்பூச்சி என்று வெளியே வீசிவிட்டு உலையை ஏற்றியிருப்பாள். கையில் பட்டுவிடாமல் சிரட்டையால் கோரி எடுத்து அடுப்பில் போட்டாள். நெருப்பு சீறியது. காம்பரா முழுக்க ஒரு வாசனை எழுந்தது. கரைவலை இழுத்து முடித்த காலையில் உடப்புக் கடற்கரை என்ன வாசம் அடிக்குமோ, அதே வாசம். கடலோ அங்கிருந்து எண்பது மைலுக்கு அப்பால், நாலாயிரம் அடிக்குக் கீழே இருந்தது.

"என்னா தீயிது?" என்று கம்பளிக்குள்ளிருந்து கந்தப்பன் கேட்டான்.

"ஒண்ணுமில்லங்க. கருவாட்டுத் துண்டு விழுந்திருச்சு."

சின்னப் பொய்தான். ஏன் சொன்னோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. கந்தப்பனின் பக்கத்தில் ஒன்றரை வயது மகன் அழகன் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

டிக்கோயாவுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கடலைக் கண்ணால் பார்த்தவர்கள் மூன்று கிழவர்கள். அவர்களும் இந்தியாவிலிருந்து வந்தபோது கப்பல் தட்டில் வாந்தியெடுத்துக்கொண்டே பார்த்தவர்கள். நாலாவது ஆள் பூரணி. உடப்பில் கரைவலை இழுக்கும் பெரியதம்பியின் மகள். அட்டன் கடைவீதிக்குக் கருவாடு கொண்டுவரும் வியாபாரி ஒருவர் பேசி முடித்த சம்பந்தத்தில், ஐம்பத்திரண்டாம் வருடம் மலைக்கு வந்தவள். நாலு வருடமாக லயத்தில் அவளுக்குப் பெயர் கருவாட்டுக்காரி. மலையிலிருந்து தண்ணீர் வந்து விழும் பீலியில் அவள் குடம்தான் கடைசிக் குடம். பக்கத்தில் போய் நின்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். கேலிதான், பகை இல்லை. ஆனால் நாலு வருடம் தினமும் கேட்டால் கேலியும் வலிக்கும், அவளுக்கு வலித்தது.

இந்த வருடம் மாசியிலிருந்தே மழை இல்லை. கொழுந்து கருகியது. சித்திரையில் மாரியம்மன் திருவிழாவுக்கு நாள் குறித்ததும், கோயில் தலைவர் ஆண்டியப்பன் கங்காணி அவளைக் கூப்பிட்டார். "பொறந்த ஊட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வாம்மா. இந்த வாட்டி கரகத்துக்குக் கடல் தீர்த்தம் வச்சுப் பாப்போம்" என்றார். அவள் போனாள். விடியற்காலையில் கழுத்தளவு கடலில் நின்று மண்பானையில் மொண்டு, வாயைத் துணியால் கட்டி, பஸ்ஸிலும் ரயிலிலும் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்து சேர்த்தாள். அந்தத் தண்ணீரைச் செம்பில் நிரப்பித்தான் கரகம் பாலித்தார்கள். திருவிழா முடிந்ததும் கரகத்தை ஆற்றில் கரைத்துவிடுவது வழக்கம். ஆறோ காய்ந்து வெறும் பாறையாகக் கிடந்தது. பாறையில் கொண்டுபோய் அம்மனைக் கொட்ட யாருக்கு மனம் வரும்? மலையுச்சிக் காட்டுக்குள் இருந்த ஊற்றுக்கண்ணில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தது. அதில் ஊற்றினார்கள். அந்த ஊற்றுத் தண்ணீர்தான் மூங்கில் குழாய் வழியாக லயத்துப் பீலிக்கு வந்து விழுகிறது.

அன்று மாலையே மழை பிடித்தது. எட்டு நாள் விடாமல் பெய்தது. அதன்பிறகு பீலியில் பூரணியின் குடம் முதல் குடம் ஆனது. பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். தீர்த்தம் கொண்டாந்த புள்ள என்று சொன்னார்கள். அந்தப் பெயரை முதல் முறை கேட்டபோது அவள் வீட்டுக்குள் போய்ச் சத்தம் வராமல் அழுதாள், அவ்வளவு சந்தோஷம்.

திங்கட்கிழமை காலை பீலித்தொட்டியில் பதினேழு நீலப் பொத்தான்கள் கிடந்தன. எண்ணியவள் பேச்சியம்மா. அவள் கந்தப்பனின் அக்கா. தாய்மார் கொழுந்தெடுக்கப் போனபின் கைக்குழந்தைகளை வைத்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்தாள். தொட்டியைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் குடத்தோடு நின்றார்கள். யாரும் பயந்ததாகத் தெரியவில்லை. பயப்பட அவர்களுக்கு என்ன தெரியும்?

"பாத்தியா பூரணி, அம்மா பொட்டு வச்சு அனுப்பியிருக்கா" என்றாள் பேச்சியம்மா. ஒரு வேப்பிலையால் ஒவ்வொன்றாக ஏந்தித் திருநீற்றுத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, அதத் தொடாதிங்க."

"ஏன்?"

எல்லா முகங்களும் அவள் பக்கம் திரும்பின. சொல்லியிருக்கலாம். அது கடலில் வருகிற பூச்சி, கரையில் சருகாட்டம் ஒதுங்கும், எங்கள் அப்பா காலால் தள்ளிவிட்டுப் போவார் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் அப்படிச் சொன்னால் கரகத்துத் தண்ணீரில் கடல் பூச்சியைக் கொண்டுவந்து விட்டவள் ஆகிவிடுவாள். மறுபடியும் கருவாட்டுக்காரி, மறுபடியும் கடைசிக் குடம்.

"குளிக்காம தொடக்கூடாதுன்னு சொன்னேன்."

"அட, நான் குளிச்சிட்டுத்தாம்புள்ள வந்தேன்."

தட்டு பிள்ளைக்காம்பராவுக்குப் போனது. பூரணி கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். அன்று முழுக்கக் கை கொழுந்தில் இருந்தது, மனம் கடற்கரையில் இருந்தது. அவளுக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது அப்பா கரையில் குந்தி, ஒரு குச்சியால் புரட்டிப் புரட்டிக் காட்டியிருக்கிறார்.

"முதல்ல பொத்தான் வரும். அடுத்ததாப் பாய் வரும். கடைசியாப் பை வரும். மூணும் நீலந்தான், பாத்துப் பிரிச்சுக்கணும். பொத்தானத் தொட்டா அரிக்கும், அம்புட்டுத்தான். முதுகுல கண்ணாடியாட்டம் பாய் நின்னா அவன் ஒண்ணும் செய்யமாட்டான். ஊதின பை மாதிரி இருந்தா பத்தடி தள்ளி நில்லு. பை ஒரு எடத்துல இருக்கும், அதோட நூலு வேற எடத்துல இருக்கும். செத்துக் காஞ்சாலும் நூலு சாகாது."

"நீந்தி வந்து கடிக்குமாப்பா?"

"அதுக்கு நீந்தத் தெரியாது புள்ள. காத்து எங்க கொண்டுபோகுதோ அங்க போகும்."

மலையிலும் பொத்தானோடு நின்றுவிடும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒரு பானைத் தண்ணீரில் எவ்வளவுதான் இருந்துவிட முடியும்?

செவ்வாய்க்கிழமை சோற்றுக்கு உப்புப் போட மறந்துவிட்டாள். கந்தப்பன் ஒரு வாய் அள்ளி வைத்துவிட்டு, உப்புக் கூடிப்போச்சு என்றான். கொடியில் காய்ந்த அழகனின் சட்டை அட்டைபோல விறைத்து, மடித்த இடத்தில் வெள்ளை பூத்திருந்தது. லயத்து நாய்கள் பீலிப்பக்கம் போகவில்லை. பள்ளத்தில் தேங்கிய மழைத்தண்ணீரைத் தேடிப்பிடித்துக் குடித்தன. மழை விட்ட நாளிலிருந்து இரவெல்லாம் கத்திக்கொண்டிருந்த தவளைகள் எப்போது நிறுத்தின என்று யாரும் கவனிக்கவில்லை. பூரணி கவனித்தாள். சாயங்காலம் தொட்டியில் எட்டிப் பார்த்தபோது பொத்தான் ஒன்றுகூட இல்லை. பதிலாக நீள்வட்டமாக, கட்டைவிரல் நீளத்துக்கு, நூற்றுக்கணக்கில் நீலத் தோணிகள் கிடந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் கண்ணாடித் துண்டாகக் குறுக்கே ஒரு சின்னப் பாய்.

பாய் வந்துவிட்டது. அப்பா சொன்ன வரிசை மாறவில்லை.

அன்று இரவு அவள் தூங்கவில்லை. புதன்கிழமை மத்தியானம் கொழுந்து நிறுத்து முடிந்ததும், வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு ஊற்றைப் பார்க்கக் காட்டுப்பாதையில் ஏறினாள். பை வருமுன் அந்த மூங்கில் குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட வேண்டும் என்பதுதான் அவள் நினைப்பு. தண்ணீர் நின்றுவிட்டால் யாரிடமும் எதுவும் சொல்லவேண்டியதில்லை. குழாய் எப்படிக் கழன்றது என்று யாருக்குத் தெரியப்போகிறது?

காடு சத்தமில்லாமல் இருந்தது. சிள்வண்டு இல்லை. அடிவாரத்திலிருந்து பனிமூட்டம் ஏறிவந்து மரங்களின் இடுப்புவரை நின்றது. கரகத்து மாலை நார்கள் கல்லில் ஒட்டிக் காய்ந்திருந்தன. ஊற்றுக்கண் பழையபடி பாய் விரித்த அளவுதான் இருந்தது. ஆனால் முன்பு முழங்காலளவு தண்ணீருக்கு அடியில் கூழாங்கற்கள் தெரியும். இப்போது தரை தெரியவில்லை. கருநீலமாக, எங்கே முடிகிறது என்று சொல்லமுடியாத ஆழமாக இருந்தது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் இறங்கியது. ஒரு சாண். கரையோரக் கூழாங்கற்களுக்கிடையில் சரசரவென்று இழுத்துக்கொண்டு போனது. கொஞ்சம் நின்றது. பிறகு அதே சரசரப்போடு ஏறிவந்து அவள் கால்விரலைத் தொட்டது. பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம் அது. தூளியில் கிடந்தபோது அதைக் கேட்டுத்தான் தூங்கியிருப்பாள். இங்கே அதைக் கேட்டதும் கால்விரலை உதறிக்கொண்டு ஓரடி பின்வாங்கினாள்.

குழாயைப் பிடுங்கக் கையை நீட்டினாள். அப்போதுதான் நூலைப் பார்த்தாள். குழாயின் மேல் குறுக்கே கிடந்தது. மெல்லிய நீல நூல், அதில் மணி மணியாக முடிச்சு. கையை இழுத்துக்கொண்டாள். பை எங்கே இருக்கிறது என்று தண்ணீரில் தேடினாள். தண்ணீரில் பை இல்லை. நூல் தண்ணீருக்குள் போகவில்லை. குழாயிலிருந்து கல்லுக்கு, கல்லிலிருந்து மரத்துக்கு, மரத்திலிருந்து மேலே, மூட்டத்துக்குள் போயிருந்தது. அவள் பார்க்கப் பார்க்க அது மெல்ல இழுபட்டது.

திரும்பி ஓடினாள். அழகன் பிள்ளைக்காம்பராவில் இருந்தான்.

பிள்ளைக்காம்பரா வாசலில் வேப்பிலைக் கொத்துக் கட்டியிருந்தது. கதவு சாத்தியிருந்தது. மற்றக் குழந்தைகளை எல்லாம் பக்கத்து லயத்துக்கு அனுப்பிவிட்டார்கள். உள்ளே ஒரே ஒரு குழந்தையின் அழுகை, அழுது அழுது தொண்டை கட்டிப்போன அழுகை. அது யாருடைய பிள்ளை என்று அவள் கேட்கவேண்டியிருக்கவில்லை.

கந்தப்பன் வாசலில் குந்தியிருந்தான். ஆண்டியப்பன் கங்காணி தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

"பயப்படாதம்மா. அம்மா எறங்கியிருக்கா" என்றார் கங்காணி. "புள்ளைக்கு முத்துப் போட்டிருக்கு."

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். வேப்பிலைப் படுக்கையில் அழகன் வெற்றுடம்போடு கிடந்தான். பேச்சியம்மா ஒரு செம்பிலிருந்து வேப்பிலையால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு அவன்மேல் தெளித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தெளிப்புக்கும் குழந்தையின் முதுகு வில்லாக வளைந்தது. பூரணி குனிந்து பார்த்தாள். அம்மை முத்து உடம்பெல்லாம் சிதறிப் போடும். இது சிதறியிருக்கவில்லை. தோளிலிருந்து தொடைவரை ஒரே கோடு. கோட்டில் மணி கோத்த மாதிரி தடிப்புகள். கழுத்தைச் சுற்றி இன்னொரு கோடு.

"மதினி, நிறுத்துங்க. அது முத்து இல்ல. அந்தத் தண்ணியத் தெளிக்காதிங்க."

"அம்மாவோட தண்ணி புள்ள. இதவிட எது குளிர்ச்சி? தீர்த்தம் கொண்டாந்தவ புள்ளன்னு காலையில முதக் குடத்த இவனுக்குத்தான் ஊத்துனேன். ரெண்டு கை அள்ளிக் குடிக்கவும் குடுத்தேன்."

"குடிக்கக் குடுத்திங்களா?"

"ஆசையாக் குடிச்சான்."

பூரணிக்குக் காதில் இரைச்சல் கேட்டது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை குடத்தில் பார்த்ததை, அப்பா காட்டிய மூன்றையும், அடுப்பில் போட்டதை, பொய் சொன்னதை. இது கடல் சொறி, இதற்கு நல்ல தண்ணீரும் ஆகாது, இந்தத் தண்ணீர் எமன், டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோக வேண்டும் என்றாள்.

"ஞாயித்துக்கெழமையே ஒனக்குத் தெரியுமா?" என்றாள் பேச்சியம்மா. கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"தெரியும் மதினி."

"தெரிஞ்சா சொல்லியிருப்பல்ல. பெத்தவ சொல்லாம இருப்பாளா? ஒனக்குப் பயத்துல புத்தி கலங்கியிருக்கு."

கங்காணி தலையை ஆட்டினார். "அம்மா எறங்குன புள்ளைய வாசப்படி தாண்டிக் கொண்டுபோகக்கூடாதும்மா. ஆஸ்பத்திரி ஊசி பட்டா அம்மா கோவிச்சுக்குவா, தோட்டத்துக்கே ஆகாது. மூணு தண்ணி ஊத்தட்டும். பாத்துக்குவோம்." அவர் கெட்ட மனிதர் இல்லை. அதனால்தான் அவரோடு சண்டைபோட அவளால் முடியவில்லை.

பேச்சியம்மா செம்பை எடுத்துக்கொண்டு பீலிக்குக் கிளம்பினாள். கங்காணி சாம்பிராணி எடுக்கக் கோயிலுக்குப் போனார். பூரணி மூலையில் இருந்த உப்பை அள்ளி, மழைத்தண்ணீரைக் காய்ச்சிச் சுடுதண்ணீர்ப் போத்தலில் காலையிலேயே ஊற்றி வைத்திருந்த வெந்நீரில் கரைத்து, அழகனின் தடிப்புகள்மேல் ஊற்றினாள். உடப்பில் அப்பா கடல் தண்ணீரில்தான் கழுவுவார். குழந்தையின் அழுகை கொஞ்சம் இறங்கியது. அவனைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

கந்தப்பன் படியை அடைத்துக்கொண்டு குந்தியிருந்தான். அவளை நிமிர்ந்து பார்த்தான். பிள்ளையைப் பார்த்தான். பிறகு தன் தோளில் கிடந்த கம்பளியை எடுத்து நீட்டிவிட்டுக் காலை ஒதுக்கிக்கொண்டான்.

"மூட்டமா இருக்கு. புள்ளையப் போத்திக்க" என்றான். "நான் அக்காவப் பிடிச்சு நிறுத்திவச்சிட்டுப் பின்னாலயே வர்றேன்."

டிக்கோயா மூன்று மைல். தார்ரோட்டில் போனால் சுற்று. ஐந்தாம் நம்பர் தேயிலை மலையின் குறுக்கே இறங்கினால் பாதித் தூரம். அவள் குறுக்குப் பாதையில் இறங்கினாள். மணி மூன்றுகூட ஆகியிருக்காது. ஆனால் மூட்டம் பள்ளத்தாக்கிலிருந்து அடர்த்தியாக ஏறிவந்து, தேயிலைச் செடிகளின் தலையை மட்டும் விட்டுவைத்து மற்றதையெல்லாம் விழுங்கியிருந்தது. பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. அவள் காலடிச் சத்தமும் அழகனின் விக்கலும்தான் கேட்டன. ஓர் இடத்தில் நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டாள். உப்பு. வேர்வை என்று நினைத்தாள். காற்று முகத்தில் அடித்தது. மறுபடியும் உப்பு.

ஐந்தாம் நம்பரில் அன்று கொழுந்தெடுப்பு. நாற்பது பெண்கள் அங்கே இருக்கவேண்டும். நாற்பது பெண்கள் இருக்கும் மலை சும்மா இருக்காது. பேச்சு, பாட்டு, சிரிப்பு, கங்காணியின் அதட்டல் எல்லாம் அரை மைலுக்குக் கேட்கும். எதுவும் கேட்கவில்லை. ஆட்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு நாலடி வைத்தவள், பாதையோரம் ஒரு கூடையைப் பார்த்தாள். கூடைக்கு முன்னால் வீரம்மா நின்றாள். பக்கத்துக் காம்பராக்காரி.

"வீரம்மாக்கா."

வீரம்மா திரும்பவில்லை. முகத்தை மேலே தூக்கி, வாயைத் திறந்து வைத்திருந்தாள். கைகள் மட்டும் வேலை செய்தன. எட்டிக் கிள்ளின, தூக்கின, பின்னால் போயின. கூடைக்குள் கொழுந்து விழவில்லை. கையில் கொழுந்தே இல்லை. கைகள் வெறும் காற்றைக் கிள்ளிக்கொண்டிருந்தன. கிள்ளிவிட்டு உயர்ந்தன. ஒரு மனுஷியின் கை உயரவேண்டிய உயரத்தைத் தாண்டி உயர்ந்தன.

அவளுக்கு அப்பால் இன்னொருத்தி. அப்பால் இன்னொருத்தி. மூட்டம் விலகிய இடத்திலெல்லாம் ஒருத்தி. எல்லா முகமும் மேலே. எல்லாக் கையும் ஒரே நேரத்தில் உயர்ந்தது. ஒரே நேரத்தில் தாழ்ந்தது.

வீரம்மாவின் மணிக்கட்டில் கோடு. மணி கோத்த கோடு. அதிலிருந்து நூல்.

நூல் மேலே போனது.

பூரணி பார்க்கக்கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள்.

மேலே மூட்டம் வெளிச்சமாக இருந்தது. அலைபோல நெளிந்தது. அதில் பைகள். நீலப் பைகள், ஊதிப் புடைத்து, ஒன்றோடொன்று உரசாமல், கூட்டம் கூட்டமாக. காற்று கொண்டுபோகும் பக்கம் போய்க்கொண்டிருந்தன. காற்று மலைமேல் வீசியது. லயத்தை நோக்கி. ஒவ்வொரு பையிலிருந்தும் நூல்கள் இறங்கின. தேயிலைத் தலையைத் தடவிக்கொண்டே வந்தன.

பத்தடி தள்ளி நிற்க இடம் இல்லை.

அவள் குனிந்தாள். தேயிலைத் தூர்களுக்கிடையில் நுழைந்து, தவழ்ந்து, சேற்றில் உட்கார்ந்து, கம்பளியைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டாள். இருட்டு. கம்பளி மயிர் வாசனை. பிள்ளையின் மூச்சு. கம்பளிமேல் ஏதோ வந்து படிந்தது. கனமே இல்லாமல். நகர்ந்தது. இன்னொன்று படிந்தது. கம்பளி தடிப்பு, அது துளைக்காது. தூரத்தில் கந்தப்பன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். ஒருமுறை. மறுமுறை பாதியில் நின்றது.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையை விழுங்கினாள். மூட்டம் கலையும். காற்று திரும்பும். அதுவரை இவனைக் காப்பாற்றினால் போதும். சாமி, இவன் ஒருவன் போதும்.

அழகன் அழுகையை நிறுத்தியிருந்தான்.

உடம்பு குளிர்ந்திருந்தது, ஆனால் மூச்சு ஓடியது. ஒரு சத்தம். அவன் மூச்சு விடும்போதெல்லாம் மெல்லிய ஈரச் சத்தம். அவள் கம்பளியின் ஓரத்தை விரலளவு தூக்கினாள். வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது. கண் திறந்திருந்தது. அம்மாவைப் பார்த்தான். உதடுகளுக்கு நடுவில் நீலமாக ஒன்று ஊதிப் புடைத்தது. மூச்சை இழுத்தான், சுருங்கியது. விட்டான், புடைத்தது. உடையவில்லை.

"சாமி" என்றாள். "எஞ்சாமி."

அவனுக்குப் பயம் வந்தால் பால் குடிப்பான். ஒன்றரை வயதாகியும் விடாத பழக்கம். முகத்தைத் திருப்பி அவள் மார்பைத் தேடினான். கையால் சேலையை விலக்கினான். அவள் தள்ளவில்லை. வெளியே தள்ள இடமில்லை. இருந்தாலும் அவளால் முடிந்திருக்காது. அவன் வாயைத் திறந்தான். ஈரமான நூல்கள் முதலில் இறங்கி அவள் தோலைத் தொட்டுத் தொட்டு வழி பார்த்தன. அவன் முகம் நெருங்கியது. அவளுக்குப் பால் சுரந்தது.